நந்திதுர்க்கமும் மலையேறும் முறையும்

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் என்று சொன்னால், அவ்வூர்த் தமிழர் மனத்தில் முதலில் எழுவது மலையன்று, சுரங்கம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ச் சீமையிலிருந்தும் பிழைப்பு நாடிச் சென்ற நம்மவர், தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் நின்று பூமிக்குள் இறங்கிய சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. சாம்பியன் ரீஃப், மைசூர், ஊரிகம், நந்திதுர்க் என்று அவற்றை அடுக்கிச் சொல்லும்போது, கடைசியிற் கூறியது ஒரு மலைக்கோட்டையின் பெயர் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூர் நாட்டை ஆணையர்கள் ஆண்ட காலத்தில், பெங்களூர், கோலார், தும்கூர் ஆகிய மாவட்டங்கள் சேர்ந்த கோட்டத்திற்கு நந்திதுர்க்கக் கோட்டம் என்று பெயர் வழங்கிற்று. பின்னர் அதே பெயரைச் சுரங்கக் கம்பெனி ஒன்றும் தாங்கியது. ஆழத்தில் இறங்கும் தொழிலுக்கு, ஏறுதற்கரிய மலையின் பெயர் வந்து வாய்த்தது ஒரு விந்தையே.

துர்க்கம் என்னும் வடசொல்லுக்குச் செல்லுதற்கு அரியது என்பது பொருள். தியாகதுருகம் போன்ற நம் ஊர்ப்பெயர்களில் அது துருகம் என்று நிற்கிறது. வள்ளுவரும் அரண் என்று ஓர் அதிகாரமே வகுத்து, அரணுக்கு உறுப்பாவனவற்றுள் மலையையும் எண்ணினார். பகைவன் ஏற இயலாத இடமே அரசனுக்குப் பாதுகாப்பான இடம் என்பது பழைய எண்ணம். ஆயினும், பகைவன் ஏற இயலாத மலையில் அரசனின் ஆட்கள் நாள்தோறும் ஏறி இறங்கியாக வேண்டும் அல்லவா? தண்ணீரும் தானியமும் மேலே போக வேண்டும். காவல் மாறுவோர் கீழே வர வேண்டும். ஆகையால் ஒவ்வொரு துர்க்கத்தின் வரலாறும் இருவகை வரலாறு ஆகும். ஏறவிடாமல் தடுத்த வரலாறு ஒன்று. விழாமல் ஏறிய வரலாறு மற்றொன்று. முதல் வகையைப் பற்றி நூல்கள் பல உண்டு. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நேயர்களே, இன்று நாம் அந்த இரண்டாவதையே சிறிது ஆராய்வோம். மலையேறுவதை ஓர் இன்பப் பொழுதுபோக்காகக் கொண்டு, விடுமுறை நாள்களில் இளைஞர் பலர் இக்குன்றுகளை நோக்கிச் செல்லும் இக்காலத்தில் அது பயனற்ற ஆராய்ச்சி ஆகாது.

நந்திமலை பெங்களூருக்கு வடக்கே, சிக்கபல்லாபுரத்தை அடுத்து நிற்கிறது. அதன் உச்சி கடல் மட்டத்திற்கு மேல் 4,851 அடி. பாலாறும் தென்பெண்ணையும் பிறக்கும் மலைநாடு அது. வடபெண்ணை, சித்ராவதி, பாபக்னி, அர்க்காவதி ஆகிய ஆறுகளும் அம்மலையிலும் அதைச் சூழ்ந்த குன்றுகளிலுமே தோன்றுகின்றன. தங்கவயல் மக்கள் குடித்த நீரும் பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்ததே. மலையடிவாரத்தில் போகநந்தீசுவரர் கோயில். உச்சியில் யோகநந்தீசுவரர் கோயில். அடிவாரக் கோயிலின் தொன்மை ஒன்பதாம் நூற்றாண்டு வரை செல்கிறது. கோட்டை எழும்புவதற்கு முன்பே இம்மலையில் வழிபடுவோர் ஏறியிருக்க வேண்டும் என்று இதனால் கொள்ளலாம். சுல்தான்பேட்டையின் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்படிகள் இன்றும் மேலே செல்லுகின்றன.

இம்மலைகளின் கல் எத்தகையது என்று தெரிந்தால்தான் பின்னால் வருவன விளங்கும். இது கருங்கல். இமயத்தைப் போல அடுக்கடுக்காய் மடிந்து நொறுங்கும் பாறை இதுவன்று. வெங்காயத்தின் தோல் உரிவது போல, வெயிலிலும் மழையிலும் ஏடு ஏடாக உரிந்து, வழுவழுப்பான வளைந்த முதுகாக நிற்பது. அடியிலிருந்து பார்ப்பவனுக்கு இம்முதுகு எளிதில் ஏறத்தக்கது போலத் தோன்றும். சரிவு தொடக்கத்தில் குறைவு, போகப்போக மிகும். கைக்கு ஒரு பிளவோ காலுக்கு ஒரு திட்டோ கிட்டாமல், உள்ளங்காலின் உராய்வு ஒன்றையே நம்பி நிற்க வேண்டிய இடங்கள் பல. உலர்ந்த பாறையில் அவ்வுராய்வு நம்மைத் தாங்கும். பனி படிந்தாலும், பாசி படர்ந்தாலும், ஒரு சிறு தூறல் விழுந்தாலும் தாங்காது. நந்திமலையோ விடியற்காலையில் மேகம் தவழும் மலை. அம்மேகத்தைக் காணவே பலர் செல்கின்றனர். காண்பதற்கு இனிய அதே மேகம் பாறையை நனைத்து வைப்பதை அவருள் எத்தனை பேர் நினைக்கின்றனர் என்று தெரியவில்லை. மேலும், உரிந்த ஏடுகள் யாவும் கீழே விழுந்துவிடுவதில்லை. பல அப்படியே சாய்ந்து நிற்கின்றன. பிடித்தால் பெயர்ந்து வரும் கல்லும், மிதித்தால் உருளும் கல்லும் அவையே.

இனி, 1791ஆம் ஆண்டுக்குச் செல்வோம். மூன்றாம் மைசூர்ப் போர் நடந்த காலம். அவ்வாண்டு மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த காரன்வாலிஸ், மே மாதத்தில் சீரங்கப்பட்டணம் வரை சென்று, மழையாலும் உணவுக் குறையாலும் திரும்பினார். மீண்டும் புறப்படுமுன், தம் படைக்குத் தானியமும் மாடும் வரும் வழிகளைக் காக்க விரும்பினார். அவ்வழிகளின் மேல் கழுகு போல் உட்கார்ந்திருந்தவை திப்பு சுல்தானின் மலைக்கோட்டைகள். நந்திதுர்க்கம் அவற்றுள் தலையாயது. ஒரே ஒரு பக்கத்தைத் தவிர மற்றெல்லாப் பக்கமும் செங்குத்தான பாறை. ஏறத்தக்க அந்த ஒரு பக்கத்திலும் இரட்டை மதில்.

மேஜர் கௌடி என்பவர் செப்டம்பர் இறுதியில் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை மேல் பாய்வதற்கு அவர் அவசரப்படவில்லை. முதலில் வழி செய்யத் தொடங்கினார். மலைச்சரிவில் பாதை வெட்டி, பெரும் பீரங்கிகளை மேலே இழுத்து, மதிலை அடிக்கத்தக்க இடத்தில் நிறுத்த ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின. சென்னைப் படையின் சிப்பாய்களும், பெயர் எழுதப்படாத கூலியாட்களும், மாடுகளும் பட்ட பாடு அந்த மூன்று வாரத்தில் அடங்கியிருக்கிறது. மதில் இரண்டு இடங்களில் உடைந்தது. அக்டோபர் 19ஆம் நாள், நிலவொளியில், தளபதி மெடோஸ் முன்னின்று நடத்தத் தாக்குதல் தொடங்கிற்று. காவலர் விழித்துக்கொண்டனர். துப்பாக்கிகள் முழங்கின. ஆனால் ஏறியவர்களுக்குப் பெருந்துன்பம் விளைத்தவை துப்பாக்கிகள் அல்ல. மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகள். அன்று கொல்லப்பட்டும் காயமுற்றும் விழுந்தவர் ஏறத்தாழ முப்பது பேர். அவருள் பெரும்பாலோர் கல்லால் அடிபட்டவரே. கோட்டை அன்றே வீழ்ந்தது.

அன்றைய நிகழ்ச்சி ஒன்று கதை போல வழங்கி வருகிறது. தாக்குதலுக்கு முன் இருளில் காத்திருந்த வீரருள் ஒருவன், மேலே வெடிமருந்துச் சுரங்கம் வைத்திருக்கிறார்கள் போலும் என்று முணுமுணுத்தானாம். அதைக் கேட்ட மெடோஸ், ஆம், சுரங்கம் உண்டு, அது தங்கச் சுரங்கம் என்று விடையிறுத்து அச்சத்தைச் சிரிப்பாக மாற்றினாராம். வெடிச் சுரங்கத்துக்கும் பொன் சுரங்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் ஆகையால் எழுந்த சிலேடை அது. அதற்குப் பின் நூறாண்டு கழிவதற்குள், நந்திதுர்க் என்ற பெயரிலேயே தங்கச் சுரங்கம் ஒன்று தோன்றும் என்பதை மெடோஸ் எங்ஙனம் அறிவார்!

நந்திதுர்க்கம் வீழ்ந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை. நவம்பர் 7ஆம் நாள் இரவு, கர்னல் மாக்ஸ்வெல் என்பவர் நம் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். கீழ்க்கோட்டை திடீர்த் தாக்குதலில் எளிதாகக் கைக்கு வந்தது. அந்த வேகத்திலேயே, ஓடிய காவலரைப் பின்தொடர்ந்து மேல்கோட்டையையும் பிடித்துவிடலாம் என்று வீரர் ஏணிகளுடன் பாறையில் ஏறினர். மேலேயிருந்தவர் கற்களை உருட்டினர். ஏணிகள் நொறுங்கின, ஏணி சுமந்தவர் நசுங்கினர். திரும்பத் திரும்ப முயன்றும் பயனின்றிப் படை பின்வாங்கியது. கிருஷ்ணகிரியில் ஏறியவர் நந்தியில் ஏறியவரைவிட வீரத்தில் குறைந்தவர் அல்லர். நந்தியில் மூன்று வாரத்து வேலை முன்னே நடந்திருந்தது. கிருஷ்ணகிரியில் ஓர் இரவின் உற்சாகம் மட்டுமே இருந்தது. மலை, வந்தவனின் துணிவை அளப்பதில்லை.

அதே டிசம்பர் 21ஆம் நாள் சாவனதுர்க்கத்தில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. பெங்களூருக்கு மேற்கே, 4,000 அடிக்கு மேல் உயர்ந்த தனிக்கல் மலை அது. ஆசியாவிலேயே பெரிய ஒற்றைப் பாறைகளுள் ஒன்று என்பர். அங்கும் காடு வெட்டி, வழி அமைத்து, பல நாள் பீரங்கியால் அடித்த பின்னரே படை ஏறியது. ஏறியவருள் ஒருவரும் இறக்கவில்லை. காவலரோ நடுங்கி ஓடினர். ஓடியவருள் பலர் பாறையின் விளிம்பிலிருந்து விழுந்து மாண்டனர். அவர்கள் அம்மலையிலேயே வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு படியும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை வீழ்த்தியது அறியாமையன்று, அவசரமாக இறங்கியது.

இங்கே ஒரு பழைய கிரேக்கச் செய்தியை நினைவுகூரலாம். கி.மு. 327இல் அலெக்சாந்தர், மத்திய ஆசியாவில் சோக்தியப் பாறை என்னும் மலைக்கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளிருந்தோர், சிறகு முளைத்த வீரரைக் கொண்டு வா என்று எள்ளி நகையாடினர். அலெக்சாந்தர் தம் படையில் பாறை ஏறிப் பழகிய முந்நூறு பேரைத் தேர்ந்தார். கூடாரத்துக்கு அடிக்கும் இரும்பு முளைகளைப் பாறைப் பிளவிலும் உறைபனியிலும் அடித்து, சணல் நூற் கயிற்றைக் கட்டிக்கொண்டு, காவலில்லாத செங்குத்துப் பக்கத்தில் இரவில் அவர்கள் ஏறினர். விடிந்ததும் உச்சியில் அவர்களைக் கண்ட கோட்டையார் சரணடைந்தனர். ஆனால் அந்த ஓர் இரவில், அம்பு ஒன்றும் பாயாமலே, முப்பது பேர் விழுந்து இறந்தனர் என்று அரியன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். பத்தில் ஒருவர்! முளையும் கயிறும் கொண்டு ஏறியதைக் கூறும் மிகப் பழைய குறிப்புகளுள் இஃது ஒன்று. கருவி இருந்தும், இருளும் குளிரும் தம் பங்கை எடுத்துக்கொண்டன.

போர் செய்வோரை விட்டு வழிபடுவோரிடம் வருவோம். மலையைப் பாதுகாப்பாக ஏறும் கலையில் அவர்களே மூத்தவர் என்பது என் கருத்து. படைவீரன் ஒரு முறை ஏறுகிறான். அடியார் கூட்டம் ஆண்டுதோறும் ஏறுகிறது. கிழவியும் குழந்தையும் அதில் உண்டு. ஆகையால் அவ்வழியில் எங்கே கால் வழுக்கும், எங்கே மூச்சு வாங்கும், எங்கே தலை சுற்றும் என்பது நூற்றாண்டுகளாகக் கண்டு திருத்தப்பட்டிருக்கிறது. கல்தச்சன் உளியால் ஒரு படி வெட்டும்போது, அவன் ஒரு விபத்தைத் தடுக்கிறான். யார் விழுந்ததனால் அப்படி வெட்டப்பட்டது என்று எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை.

இதற்கு நல்ல சான்று ஈழத்துச் சிவனொளிபாதமலையில் கிடைக்கிறது. 1344ஆம் ஆண்டில் அங்கு ஏறிய மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா தம் பயணக் குறிப்பில் அதைச் சொல்லியிருக்கிறார். மாலத்தீவிலிருந்து வந்த அவர் புத்தளத்துக் கரையில் இறங்கியபோது, அப்பகுதியில் ஆண்டவர் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் தமிழ் மன்னர். உமக்கு என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, பாதமலையைத் தரிசிப்பதே என் விருப்பம் என்றார் யாத்திரிகர். மன்னர் முத்துக்களைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுள்ள யோகியர் நால்வர், அந்தணர் மூவர், தம் ஆட்கள் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரைத் துணைக்கு அனுப்பினார். தனியொருவர் மலையேறுவதற்கு முப்பத்திருவர் துணை! அம்முப்பத்திருவருள் இன்றியமையாதவர் அந்த யோகியர் நால்வரே என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அவர்களுக்கு வழி தெரியும்.

உச்சிக்கு அருகில் பாறையில் படிகள் வெட்டியிருந்ததையும், இரும்பு முளைகளை அடித்து அவற்றில் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்ததையும் அவர் விவரிக்கிறார். பத்துச் சங்கிலிகளுள் கடைசிச் சங்கிலிக்கு ஒரு தனிப் பெயராம். அவ்விடத்தில் நின்று கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சித் தம் சமயத்தின் மூலமந்திரத்தை உச்சரிப்பதால் அப்பெயர் வந்ததாம். அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பள்ளம் தெரியும் இடத்தில் மனிதனின் மனம் தளரும் என்பதை உணர்ந்து, மிகச் சரியாக அங்கே கைக்கு ஒரு பிடியை அமைத்திருக்கின்றனர். ஐரோப்பிய மலைகளில் இரும்பு ஏணியும் கம்பியும் பதித்த வழிகள் பரவுவதற்குப் பல நூற்றாண்டு முந்தியது இது. அவர் கூறும் மற்றொன்றும் நோக்கத்தக்கது. அம்மலைக்கு வழிகள் இரண்டு; ஒன்று கடினம், ஒன்று எளிது. கடின வழியே ஏறினால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது அக்கால வழக்கு. திரும்பும்போதோ எளிய வழியே இறங்குவர். ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்னும் இச்சிறிய அறிவு எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

போர் முடிந்த பின் நம் துர்க்கங்களின் மேல் ஏறியவர் நில அளவையாளர். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கருகே அடிக்கோடு அளந்து, குன்றிலிருந்து குன்றைப் பார்த்து நாடு முழுவதையும் முக்கோணங்களாக அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடுத்த குன்றின் உச்சி தெரிய வேண்டும் என்பதால், ஏறுதற்கு எளிதான மலையை அவர்கள் தேர்ந்தெடுக்க இயலவில்லை. அவர்களுடைய பெரிய கோணமானி ஏறத்தாழ அரை டன் எடை. அதைப் பன்னிருவர் தோளிலோ அதற்கு மேற்பட்டவர் தோளிலோ சுமந்து பாறையில் ஏற்றினர் என்றால், அச்சுமையாளரின் கால்கள் எவ்வளவு உறுதியாக இருந்திருக்கும்! லாம்டனின் துணைவராகப் பணிபுரிந்த ஜான் வாரன் என்பவர்தாம், மைசூரின் கிழக்கெல்லையை அளக்கும்போது 1802இல் ஊரிகம், மாரிக்குப்பம் பகுதியில் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்னெடுப்பதைக் கண்டு எழுதினார். மாரிக்குப்பத்துக் குழிகளில் ஆட்கள் ஒருவருக்கு மேல் ஒருவராக நின்று, கற்கூடையைக் கைமாற்றிக் கைமாற்றி மேலேற்றியதை அவர் குறித்திருக்கிறார். தங்கவயலின் நவீன வரலாறு அந்தக் குறிப்பில்தான் தொடங்குகிறது.

லாம்டனின் கோணமானிக்கு 1808இல் தஞ்சையில் நேர்ந்த விபத்தைப் பலர் அறிவர். அங்கே மலையில்லை, பெரிய கோயில் விமானமே மலை. அதன் மேல் கருவியை ஏற்றும்போது வடம் அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. ஆறு வாரம் அறைக்குள் அடைந்திருந்து அதைத் தம் கையாலேயே சீர்செய்தார் லாம்டன். கயிறு இருக்கிறது என்பது வேறு, கயிறு தாங்கும் என்பது வேறு.

இவ்வேற்றுமையை உலகத்துக்கு உரக்கச் சொன்னது ஐரோப்பாவின் மாட்டர்ஹார்ன் சிகரம். 1865 ஜூலை 14ஆம் நாள் எட்வர்டு விம்பர் முதலிய எழுவர் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர். ஏறியபோது ஒருவருக்கும் தீங்கில்லை. இறங்கத் தொடங்கினர். எழுவரும் ஒரே கயிற்றில் பிணைந்திருந்தனர். அனுபவம் குறைந்த ஓர் இளைஞர் கால் வழுக்கித் தமக்கு முன்னிருந்த வழிகாட்டியின் மேல் விழ, அவரோடு மேலும் இருவர் இழுபட்டனர். மேலே நின்ற மூவர் பாறையைப் பற்றிக்கொண்டனர். இடையிலிருந்த கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர். அறுந்த துண்டு, இருந்த கயிறுகளுள் பழையதும் மெலிந்ததும் என்பது பின்னர்த் தெரிந்தது. நல்ல கயிறு உடன் இருந்தும் அதைக் கட்டவில்லை!

சாவனதுர்க்கத்திலும் மாட்டர்ஹார்னிலும் இறங்கும்போதே மனிதர் வீழ்ந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் எளிது. ஏறும்போது கண் கைக்கு அருகில் இருக்கிறது. அடுத்த பிடியைக் கண்டு பிடிக்கிறோம். இறங்கும்போது கால் முன்னே போகிறது. கண் வெகு தொலைவில் பின்தங்குகிறது. கால் வைக்கும் இடத்தை உடலே மறைக்கிறது. அதற்குள் முழங்காலும் தளர்ந்திருக்கும், நீர் தீர்ந்திருக்கும், உச்சியைக் கண்டுவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் கவனமும் தளர்ந்திருக்கும். ஆதலால், ஏறிய வழியே திரும்பி இறங்க இயலாத பாறையில் ஏறவே கூடாது என்பது மலையறிந்தோர் யாவரும் ஒப்பும் விதி. செங்குத்தான இடத்தில் பாறையை நோக்கி முகம் வைத்து, ஏணியில் இறங்குவது போல இறங்க வேண்டும். இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்போதும் பாறையில் நிலைத்திருக்க, ஒன்று மட்டுமே நகர வேண்டும்.

மற்றொரு பழக்கம் சுரங்கத்துக்கும் மலைக்கும் பொதுவானது. சுரங்கத் தொழிலாளி ஒரு புதிய இடத்தில் வேலை தொடங்குமுன், தலைக்கு மேலுள்ள கல்லைக் கம்பியால் தட்டி ஓசையைக் கேட்பான். கணீரென்று ஒலித்தால் கல் தாயோடு ஒட்டியிருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிளந்திருக்கிறது. பிளந்ததை நெம்பித் தள்ளிய பிறகே அதனடியில் நிற்பான். பாறை ஏறுவோரும் ஐயத்துக்குரிய பிடியை முதலில் கையால் தட்டிக் கேட்டு, மெல்ல இழுத்துப் பார்த்து, அதன்பின்னரே உடலின் பாரத்தை அதன் மேல் வைப்பர். பூமிக்கடியில் பதினாயிரம் அடி ஆழத்தில் பாறை வெடிப்புக்கு அஞ்சி வாழ்ந்த தங்கவயல் தொழிலாளிக்கு, நந்திதுர்க்க மலையேறுபவனுக்குக் கற்பிக்க இது ஒன்றாவது இருந்தது. அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. தட்டிக் கேட்கும் அக்காதுகளும் ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றன.

மேலே செல்பவன் பெயர்க்கும் கல் கீழே வருபவனின் தலையில் விழும் என்பதற்கு 1791இன் சான்றே போதும். அன்று வேண்டுமென்று உருட்டினர். இன்று கவனமின்றி உருட்டுகின்றனர். கல்லுக்கு வேறுபாடு தெரியாது. ஆகையால் ஒருவர் நேர் கீழே மற்றவர் நில்லாமல், பக்கவாட்டில் விலகி ஏறுதல் நன்று. சித்திரை, வைகாசியில் பிற்பகலில் இடிமழை கூடும் நாள்களில், மொட்டைப் பாறையின் உச்சியே இடி விழத்தக்க இடம். விடியலில் ஏறி, வெயில் முதிர்வதற்குள் இறங்கிவிட வேண்டும். செங்குத்துப் பாறைகளில் தேனடை தொங்கக் கண்டால் அவ்வழியை விட்டுவிட வேண்டும். மலைத்தேனீக் கூட்டம் கலைந்தால், நின்று தடுக்கவும் முடியாது. பாறையில் ஓடவும் முடியாது. புகையும் வாசனைத் தைலமும் அவற்றைச் சினமூட்டும்.

இவையெல்லாம் தெரிந்தவையே என்று கூறுவோர் உண்டு. தெரிந்தவைதாம். ஆனால் 2022 பிப்ரவரி மாதம் ஒன்றிலேயே, தென்னாட்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நாடு முழுவதும் பேசப்பட்டன. ஒன்று நந்திமலையிலேயே நிகழ்ந்தது. பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், 20ஆம் நாள், பிரம்மகிரிப் பாறைகளில் தனியே ஏறும்போது வழுக்கி, ஏறத்தாழ 300 அடி கீழே ஒரு திட்டில் சிக்கினார். கைப்பேசியின் மூலம் தாம் இருக்கும் இடத்தைக் காவல் துறைக்குத் தெரிவிக்க அவரால் முடிந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் பாறை வழியே அணுக முயன்றும் இயலாமற் போகவே, விமானப்படையின் ஹெலிகாப்டர் எலகங்காவிலிருந்து வந்து, வீரர் ஒருவரை வடத்தில் இறக்கி அவரை மேலே தூக்கியது. நந்திதுர்க்கத்தை அணுக 1791இல் மூன்று வாரம் பிடித்தது என்பதை எண்ணுக. அந்த மாணவர் விழுந்த பக்கத்தில் படிகள் இல்லை.

மற்றது பாலக்காட்டுக்கு அருகில், மலம்புழையை அடுத்த செறாட்டுக் குன்றில் நிகழ்ந்தது. 7ஆம் நாள் நண்பர்களோடு ஏறிய இளைஞர் ஒருவர், இறங்கும்போது வழுக்கிச் செங்குத்துப் பாறையின் நடுவிலுள்ள ஒரு குறுகிய பொந்தில் சென்று சிக்கினார். கால் நீட்டவும் இடமில்லை. உடன் சென்றவர்கள் கயிறும் கொம்பும் எட்டவிட்டுப் பார்த்தும் பயனில்லை. மறுநாள் வந்த ஹெலிகாப்டர், காற்றினாலும் பாறையின் அமைப்பினாலும் அணுக முடியாமல் திரும்பிற்று. நாற்பது மணி நேரத்துக்கு மேல் உணவும் நீருமின்றி அவர் அங்கேயே இருந்தார். 8ஆம் நாள் இரவில் வெலிங்டனிலிருந்து மதராஸ் படைப்பிரிவின் வீரரும், பெங்களூரிலிருந்து பாராசூட் படைப்பிரிவின் வீரரும் வந்து சேர்ந்தனர். அவர்கள் கீழிருந்து பாறையில் நேரே ஏற முயலவில்லை. இரவோடிரவாக வேறு வழியே மலையைச் சுற்றி உச்சிக்குச் சென்றனர்; அங்கே கயிறுகளை உறுதியாகப் பிணைத்தனர்; விடியும் வரை காத்திருந்தனர். 9ஆம் நாள் காலையில் ஒரு வீரர் அக்கயிற்றில் இறங்கிப் பொந்தை அடைந்தார். முதலில் இளைஞருக்கு நீர் கொடுத்தார். பிறகு அவரைத் தம் உடலோடு பட்டையால் பிணைத்தார். இருவரையும் கீழே இறக்காமல், மேலிருந்தோர் அங்குலம் அங்குலமாக உச்சிக்கே இழுத்துக்கொண்டனர்.